கோரிக்கை மனு: வாலாஜாபேட்டை நெசவுத் தெருவில் ஸ்டில்ட் + 5 மாடிக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி வழங்காதிருக்க வேண்டுதல்

அனுப்புநர்: நெசவுத் தெருவில் குடியிருப்போர், வாலாஜாபேட்டை.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், இராணிப்பேட்டை மாவட்டம்.

பெருந்தகையீர்,

எங்கள் தெருவில் மூன்று பழைய வீடுகளை இடித்துச் சேர்த்த சுமார் 10,000 சதுர அடி மனையில், தூண்கள் மட்டும் நிற்கும் வாகன நிறுத்தத் தளத்தின் (ஸ்டில்ட்) மேல் ஐந்து மாடிகளாக, 18.2 மீட்டர் உயரத்துக்கு 20 வீடுகள் கட்ட விண்ணப்பம் போயிருக்கிறது. 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம் என்கின்றன 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள். அந்த வகைக்கான கடுமையான விதிகளைத் தவிர்க்கவே பத்து சென்டிமீட்டர் குறைத்து வரைந்திருக்கிறார்கள் என்பது தங்களுக்கே புரியும்.

இதில் முதல் சிக்கல் தெருவின் அகலம். வரைபடத்தில் 30 அடி என்று காட்டியிருப்பது தெருமுனையில், அதுவும் வாய்க்காலையும் திண்ணைகளையும் சேர்த்து அளந்த கணக்கு. மனைக்கு முன்னால் சுவருக்குச் சுவர் டேப் பிடித்தால் 17 அடிதான். ஒரு திண்ணை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் 14. எதிரே ஒரு ஆட்டோ நின்றாலே தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியாது. டவுன் சர்வே வரைபடத்தை வைத்துக்கொண்டு, மிகக் குறுகலான இடத்தில் சர்வேயர் அளக்க வேண்டும். விதி கேட்கும் அகலம் அங்கே இல்லையென்றால் மற்றதைப் பேச வேண்டியதே இல்லை.

அடுத்தது அஸ்திவாரம். இங்குள்ள வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை; மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே நடுச்சுவர். அஸ்திவாரம் மூன்றடிக்கு மேல் போகாது. அதை ஒட்டிப் பத்தடிக்குப் பள்ளம் எடுத்தால் சுவரடி மண் பள்ளத்துக்குள் சரியும். ஊற்று நீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது பொடி மணலும் கூடவே போய்விடும். சுவர் ஒரு பக்கமாக அமர்ந்து, முதலில் வாசல்கட்டையின் மூலையில் விரிசல் விடும். அதில் சிமெண்டைப் பூசி மறைப்பது வழக்கம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே சுண்ணாம்பு உதிரும்.

கழிவுநீர்க் கணக்கும் ஒத்துவரவில்லை. வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் 20 வீடுகளுக்கு ஒரு நாளைக்கு 13,500 லிட்டர் தண்ணீர். அதில் பத்தில் எட்டுப் பங்கு கழிவாகும் என்று வைத்தாலும் 10,800 லிட்டர். தெருவில் இருப்பது ஓரடி அகலத் திறந்த வாய்க்கால். செப்டிக் டேங்க் கசிந்தால் அது முதலில் வந்து நிற்பது பக்கத்து வீட்டுக் குழித்தறியில் (நெசவாளர் குழிக்குள் கால் வைத்து நெய்யும் தறி). இரண்டரை அடிக் குழியில் ஈரம் ஏறினால் பாவு (நீளவாட்டு நூல்) நைந்து பட்டில் கறை விழும்.

பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமான வேலூர்க் கோட்டையைச் சுற்றிக் கட்டடம் கட்ட 100 மீட்டர் தடைப் பகுதியும், அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதியும் உண்டு. 1866-இல் நகராட்சியான எங்கள் ஊரின் வீடுகளுக்கு அந்தக் காப்பு இல்லை. திட்ட அனுமதி என்ற ஒரே வாசல்தான் இருக்கிறது.

ஆகவே, அகலத்தை அளந்து முடிக்கும் வரை அனுமதியை நிறுத்தி வைக்குமாறும், தளம் இரண்டுக்கு மேல் போகாத திருத்திய வரைபடம் கேட்குமாறும், மண் பரிசோதனை அறிக்கையும் பள்ளத்துக்குத் தடுப்புச் சுவர் வடிவமைப்பும் இல்லாமல் தோண்ட விடாதிருக்குமாறும் வேண்டுகிறோம். வேலை தொடங்கும் முன் இருபுறமும் உள்ள வீடுகளின் விரிசல்களைப் படமெடுத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் மெல்லிய கண்ணாடிச் சில்லைச் சாந்தில் ஒட்டித் தேதி எழுத உத்தரவிட வேண்டும். சுவர் அசைந்தால் சில்லு உடையும். பிறகு யாரும் ‘அது பழைய விரிசல்’ என்று சொல்ல முடியாது. 2012-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தின் கீழ் இந்தத் தெருவைப் பரிசீலிக்கவும் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெசவுத் தெருக் குடியிருப்போர்

இணைப்பு: தெரு அகலம் ஐந்து இடங்களில் அளந்த குறிப்பு, கையொப்பத் தாள்கள்.

நகல்: நகராட்சி ஆணையர், வாலாஜாபேட்டை, நகர் ஊரமைப்புத் துறை மாவட்ட அலுவலகம்.