ஆறு வார விடுமுறைக்கு முன் மகளுக்கு

சுங்கை சிப்புட், மலேசியா,
ஜூலை 12.

அன்பு மகளுக்கு,

பேரனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நீ தொலைபேசியில் சொன்னது இரண்டு நாளாக மனத்தை விட்டு அகலவில்லை. ஏழு வயதில் கண்ணாடி இக்காலத்தில் சாதாரணம்தானே அப்பா என்றாய். அது சாதாரணமாகிப் போனதுதான் எனக்கு வருத்தம். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது வகுப்பறையில் கண்ணாடி அணிந்திருந்தவன் நான் ஒருவன்தான். ஓய்வு பெற்ற ஆண்டிலோ முன்வரிசைப் பிள்ளைகளில் பாதிப் பேர் அணிந்திருந்தார்கள்.

அதிகப் படிப்புதான் காரணம் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் ஆறேழு வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. கிட்டப்பார்வை உடையவர்கள் சிங்கப்பூரில் 29.1 விழுக்காடு, சிட்னியில் 3.3 விழுக்காடு. புத்தகம் அதிகம் படித்தவர்களோ சிட்னிப் பிள்ளைகள்தாம். ஆனால் அவர்கள் வாரத்தில் ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரமே இருந்தார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவுதான். வெளியே மர நிழலில்கூட அது ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் சுரக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருள், கண்விழி அளவுக்கு மீறி நீளாதபடி காக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டதில், மூன்றாண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, அப்படி விடாத பள்ளிகளில் 39.5. வந்துவிட்ட குறையை விளையாட்டு விரட்டிவிடாது, அம்மா. ஆகவே இந்தச் செய்தி பேரனை விட, நான்கு வயதுப் பேத்திக்கே உரிய காலத்தில் வருகிறது.

விடுமுறை ஆறு வாரத்துக்கும் காற்பந்துப் பயிற்சி, நீச்சல் வகுப்பு என்று அட்டவணை போட்டிருப்பதாகச் சொன்னாய். நல்லதுதான், ஆனால் அதை நான் விளையாட்டு என்று சொல்ல மாட்டேன். அங்கே ஊதல் பயிற்றுநர் கையில் இருக்கிறது. நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த பால்மரக் காட்டை நினைத்துப் பார். காய் வெடித்துச் சிதறும் காலத்தில் புள்ளி போட்ட ரப்பர் கொட்டைகளைச் சட்டைப்பை கிழியப் பொறுக்கி வருவீர்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஓங்கி அடித்தால் எது உடையாமல் நிற்கிறதோ அது வென்றது. கீறல் விட்ட கொட்டை உடைந்த கணக்கா, உடையாத கணக்கா என்று உன் அண்ணனும் பக்கத்து வீட்டுப் பையனும் பொழுது சாயும் வரை வாதாடியதை நான் வாசலில் இருந்து கேட்டிருக்கிறேன். மறுநாள் அவர்களே ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள். பெரியவர் ஒருவரும் தலையிடவில்லை. கைப்பேசி விளையாட்டிலும் வெற்றி தோல்வி உண்டு, ஆனால் அதன் விதி எங்கோ எவரோ எழுதி முடித்தது. பிடிக்காவிட்டால் அணைக்கலாம், வாதாட முடியாது.

(கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி என் கையில் வைத்துவிட்டு ஓடியவள் நீதான். மறுக்காதே.)

அந்தக் காடு இப்போது இல்லை. மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். முள் மட்டைகள் குவிந்து கிடக்கும் அந்த இடத்தில் பிள்ளைகள் ஓடியாட முடியாது. ஆகவே கைப்பேசியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. போன ஆண்டு நீங்கள் வந்திருந்தபோது, வெயிலைச் சாக்கிட்டு என் கைப்பேசியை எடுத்துப் பேரனிடம் கொடுத்தவனும் நான்தான். அவன் அமைதியாக இருந்தான், நானும் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்தேன். அந்த நிம்மதிதான் நம்மைப் பழக்கிவிடுகிறது.

இங்கே ஆண்டு முழுவதும் எட்டு மணிக்குள் இருட்டிவிடுகிறது. உங்கள் மான்செஸ்டரில் இந்த மாதம் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது என்று நீ படம் அனுப்பியபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அட்டவணையில் பாதியை அடித்துவிட்டு, மாலையில் இருவரையும் பூங்காவுக்கு அழைத்துப் போ. தலைக்குத் தொப்பி போடு, தூறலுக்குப் பயப்படாதே. தெரிந்த பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்தால் போதும். நீ கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொள். என்ன விளையாடுவது என்று அவன் கேட்டால் பதில் சொல்லாதே. சலித்துப்போய் அரை மணி நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாலும் இரு.

சின்னவளை ஆட்டத்தில் சேர்க்க மாட்டேன் என்று அவன் முரண்டு பிடிப்பான். உனக்கும் அந்த வயதில் அதே அழுகை இருந்தது. அண்ணன்மார் உன்னை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தாய். அந்தச் சொல்லை அவனுக்கு நீ இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா