குதிரைவால் நரம்புகள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மூர்த்திக்கு,

கடிதம் கிடைத்தது. பிசியோதெரபி மாணவர்களுக்கு நீ முதுகுத்தண்டு வகுப்பு எடுக்கப்போவதில் சந்தோஷம். குதிரைவால் நரம்புகளுக்கு அரை மணி நேரம் போதுமா என்று கேட்டிருக்கிறாய். உடற்கூறுக்குப் பத்து நிமிடம் கொடு. மீதி முழுக்கச் சிறுநீர்ப்பைக்கு. முதுகுத்தண்டின் அடியில் தொங்கும் இந்த நரம்பு வேர்கள் நசுங்கினால் செத்துப்போகக்கூடியது அதுதான்.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1, எல்2 (எல் என்றால் இடுப்பு, எஸ் என்றால் அதற்குக் கீழுள்ள திருவெலும்பு) முள்ளெலும்புகள் மட்டத்திலேயே கூம்பாக முடிந்துவிடுகிறது. அதன் உறையோ எஸ்2 வரை இறங்குகிறது. இடைப்பட்ட தண்டுவட நீருக்குள் எல்2 தொடங்கி வால் எலும்பு வரைக்குமான 10 ஜோடி நரம்பு வேர்கள் தொங்குகின்றன. சடலத்தில் உறையைக் கீறித் தண்ணீர் விட்டால் குதிரைவால் போலப் பிரிபிரியாக விரியும். பெயர் வைத்தவரைப் பாராட்டத் தோன்றும். நடுவே சுமார் 20 செ.மீ. நீளத்தில் மினுங்கும் இழையையும் நரம்பு என்று எழுதிவைப்பார்கள், பார். ஃபைலம் டெர்மினாலே என்கிற அந்த இழை நரம்பல்ல. கூம்பைக் கீழே இழுத்துக் கட்டும் நார்.

எல்3–எல்4 இடைவெளியில் ஊசி போட்டு நீர் எடுக்கும்போது, மிதக்கிற வேர்கள் ஊசிமுனைக்கு வழிவிட்டு நழுவிவிடும். முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தையாக இருக்கும் டிஸ்க் பெரிதாகப் பிதுங்கினால் நழுவ இடமேது? காலில் ஓடும் நரம்புக்கு உள்ள தடித்த வெளியுறையும் இவற்றுக்குக் கிடையாது.

வேர்களின் வரிசையைப் பலகையில் வரைந்தே காட்டு. எஸ்2 முதல் கீழே உள்ளவை நடுவில், இடுப்பு வேர்கள் ஓரத்தில். எல்4–எல்5 டிஸ்க் பக்கவாட்டில் பிதுங்கினால் பெரும்பாலும் எல்5 வேர் சிக்கும். கால் கட்டைவிரலைத் தூக்கச் சிரமப்படுவார். நட்டநடுவில் பிதுங்கினாலோ கால் பலம் ஓரளவு இருக்கும்போதே சிறுநீர்ப்பை செத்துப்போகலாம். "நடந்துதானே வந்தார்" என்பது சமாதானமே இல்லை.

"ஒண்ணுக்கு போகுதா?" என்று கேட்டால் "போகுது" என்றுதான் பதில் வரும். நிரம்பி வழிந்து சொட்டுவதும் போவதுதானே! முட்டுகிற உணர்வு இருக்கிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, போகும்போது தெரிகிறதா, கழுவும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உணர்கிறதா, உடலுறவில் உணர்ச்சி மங்கியிருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு காலிலும் சயாட்டிகா வலி (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) என்றால் கேட்காமல் விடவே கூடாது. பிறகு, குதிரையேறினால் சேணத்தில் படுகிற இடத்தைக் குண்டூசியால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். (குதிரைவாலுக்குச் சேணமும் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.) சிறுநீர் போன பிறகும் ஸ்கேனில் 200 மி.லி.க்கு மேல் தேங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. குறைவாக இருந்தாலும் அறிகுறி இருந்தால் அவசர எம்.ஆர்.ஐ.தான். அதுவரை இடுப்பு இழுவை சிகிச்சையும் வேண்டாம், முதுகை முறுக்குவதும் வேண்டாம்.

48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை என்ற கணக்கை அவகாசமாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. உணர்வு மங்கினாலும் கட்டுப்பாடு மிச்சமிருக்கும்போதே அழுத்தத்தை எடுத்தால் சிறுநீர்ப்பை மீள வாய்ப்பு அதிகம். முழுக்கத் தேங்கிய பிறகு என்றால் சிலருக்கு ஆயுள் முழுக்கக் கதீட்டர்தான்.

வகுப்பில் மாணவர்களை ஜோடியாக உட்காரவைத்து இந்தக் கேள்விகளை வாய்விட்டுக் கேட்கச் சொல். எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். ஒரு ஆளைப் பார்த்துக் கேட்கத்தான் நாக்கு எழாது.

அன்புடன்,
சிவா