சுருக்குப்பை வாய்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எடை குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை செய்து ஒன்பது வருடத்தில், இறங்கிய எடையில் பாதி திரும்ப ஏறிவிட்டது, வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதே பைபாஸ் செய்துகொண்ட எனக்கும் அந்த வெட்கம் பழக்கம்தானடா. தொப்பையை மறைக்கத் தொளதொளச் சட்டையாக வாங்கிக் குவித்தவன் நான். ஒருமுறை செக்கப்புக்குப் போனபோது "வாயைக் கட்டாவிட்டால் இப்படித்தான்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். அப்புறம் இரண்டு வருடம் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை.

பிறகு பார்த்த டாக்டர் திட்டவில்லை. முதலில் உள்ளே பார்த்துவிடுவோம் என்று வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு எண்டோஸ்கோபி செய்து, பதிவான வீடியோவை என்னிடம் போட்டுக் காட்டினார். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் முட்டையளவுகூட இல்லாத பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள் அல்லவா? அந்த இணைப்பின் வாய் ஆரம்பத்தில் 10, 12 மில்லிமீட்டர்தான் இருக்குமாம். சாப்பாடு அங்கே தேங்கி நின்று மெல்ல இறங்குவதால்தான் அப்போது நாலு வாயிலேயே நமக்குப் போதும் என்றானது. எனக்கு அது 25 மில்லிமீட்டருக்கு விரிந்து கிடந்தது. கேமரா எங்கேயும் முட்டாமல் குடலுக்குள் நழுவிப் போனது. ஒரு மணி நேரத்துக்கொருமுறை ஏன் பசித்தது என்று அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். வயிற்றைக் கிழிக்கவில்லை, எல்லாம் வாய் வழியாகத்தான். முழு மயக்கம் கொடுத்து, முதலில் ஆர்கான் வாயுவைக் கொண்டு, விரிந்துபோன அந்த இணைப்பின் விளிம்பைச் சுற்றிச் சுடுகிறார்கள். அப்புறம் எண்டோஸ்கோப்பின் நுனியில் பொருத்திய ஊசியால் சுற்றிலும் தைத்து, நடுவில் ஒரு சின்ன பலூனை வைத்து நூலை இழுக்கிறார்கள். பாட்டிகள் இடுப்பில் செருகிய சுருக்குப்பையேதான்! எனக்கு 8 மில்லிமீட்டருக்குச் சுருக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் தையலே போடாமல், சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை சுட்டு மட்டும் விடுவதும் உண்டு.

ரொம்பப் பெரிதாக எதிர்பார்த்துவிடாதே. 2013-இல் வந்த ஓர் ஆய்வில் 77 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தைத்தார்கள். மற்றவர்களுக்குத் தைத்ததுபோல் பாவனை. ஆறு மாதத்தில் தைத்தவர்களுக்கு உடல் எடையில் சராசரியாக 3.5 சதவீதம் குறைந்தது, பாவனைக்காரர்களுக்கு 0.4. அப்போதைய தையல் மேலோட்டமானது. இப்போது தசை வரை ஆழமாகத் தைப்பதால் ஒரு வருடத்தில் 8 முதல் 10 சதவீதம் வரை எதிர்பார்க்கலாம் என்கிறார்கள். இந்தத் தையல் கருவியை இதற்குப் பயன்படுத்த, மருந்துகளையும் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2022-இல் அனுமதி கொடுத்தது. நான் 104 கிலோவில் போனேன். நாலு மாதத்தில் 97. பைபாஸ் செய்த புதிதில் மளமளவென்று இறங்கியதே, அந்த வேகம் கிடையாது.

முதல் சில வாரம் நீராகாரம்தான். மூன்றாம் நாள் எரிச்சலில் வீட்டில் எல்லோர் மேலும் விழுந்து பிடுங்கினேன். தொண்டை வலி, குமட்டல் எல்லாம் வந்து போயின. சிலருக்கு இணைப்பின் வாய் அளவுக்கு மீறிச் சுருங்கி வாந்தி நிற்காது. பலூன் வைத்துக் கொஞ்சம் விரித்துவிட வேண்டியிருக்கும். இணைப்பில் புண்ணும் வரலாம். நீ இன்னும் சிகரெட்டை விடவில்லையென்றால், அந்தப் புண் உனக்குத்தான் முதலில் வரும். கோபப்படாதே, சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

போன வாரம் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தட்டில் பாதியை மிச்சம் வைத்தேன். மனைவி சமையல் பிடிக்கவில்லையா என்று கேட்டாள்.

எல்லோருக்கும் வாய் விரிந்துதான் எடை ஏறுகிறது என்றில்லை. சிலருக்குப் பை பெருத்திருக்கும், சிலருக்குப் பிரித்து ஒதுக்கிய பழைய இரைப்பையோடு ஓட்டை விழுந்து வழி திறந்திருக்கும், சிலருக்கு உள்ளே எல்லாம் சரியாகவே இருக்கும். அவர்களுக்குப் பசியைக் குறைக்கும் ஊசி மருந்து போதும் என்பார்கள். அதனால் தையல் பற்றி இப்போதே யோசிக்காதே. முதலில் எண்டோஸ்கோபி செய்துகொள். வாய் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்