அது ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்கூபா (முதுகில் சிலிண்டர் மாட்டிக் கடலுக்கடியில் நீந்துவது) கட்டுரையில், "ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டிக்கொண்டால் போதும், அரை மணி நேரப் பயிற்சியில் யாரும் இறங்கலாம்" என்று ஒரு வரி. இரண்டு நாளாக அது என்னை விடவில்லை. சிலிண்டரில் இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். தண்ணீருக்கடியில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதே பிழைக்காக முன்பே இரண்டு கடிதம் போட்டேன். இரண்டும் வரவில்லை.

நான் 1986-இல் கற்றவன். மீதிக் காற்றைக் காட்டும் மீட்டர் அப்போது எங்களிடம் கிடையாது. மூச்சு இழுக்கக் கனமானால் சிலிண்டர் பக்கத்துக் கம்பியைக் கீழே இழுக்க வேண்டும். சேமிப்புக் காற்று வரும். ஒருநாள், மூன்றாவது தடவை இறங்கியபோது, 20 மீட்டரில் கம்பியைத் தொட்டால் அது ஏற்கெனவே இறங்கிக் கிடக்கிறது. படகில் எங்கோ இடித்திருக்கிறது; சேமிப்பும் முன்பே தீர்ந்துவிட்டது. கூட வந்தவரின் ஒரே வாய்க்குழாயில் அவருக்கு இரண்டு மூச்சு, எனக்கு இரண்டு மூச்சு. அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். பாதி வழியில் பயந்து விருட்டென்று மேலே வந்துவிட்டேன். ராத்திரி தோளில் அப்படியொரு குடைச்சல். தைலம் தேய்த்துவிட்டார்கள். வேகமாக மேலே வந்ததால் உடம்பில் நைட்ரஜன் குமிழ் கட்டிய வலி அது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆக்ஸிஜன் தேவைப்பட்டது அப்போதுதான், படகில், முகமூடி வழியாக. அந்தக் கை இன்றும் முழுசாக உயராது.

இன்று ஆளுக்கொரு காற்று மீட்டர், துணைக்கு வருபவருக்கென்றே இன்னொரு வாய்க்குழாய், மணிக்கட்டில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர். நிமிடத்துக்கு 18 மீட்டர் ஏறலாம் என்றிருந்ததை 9 ஆகக் குறைத்துவிட்டார்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுதான் மேலே வருகிறார்கள். அரை மணிப் பாடம், பயிற்சியாளர் கூடவே இருந்து 12 மீட்டருக்குள் கூட்டிப்போய் வருவதற்கு மட்டும்தான். அதிலும் போன வருடம் ஒரு கடற்கரையில் என் பேத்தியிடம் உடல்நலப் படிவத்தை நீட்டி, "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் போட்டுடும்மா" என்றார்கள். அவளுக்கு ஆஸ்துமா உண்டு. நான் பக்கத்தில் இருந்ததால் கூட்டிக்கொண்டு திரும்பினேன்.

சங்கு குளிக்கப் போய், கம்ப்ரசர் குழாயில் காற்று இழுத்து, கால் விளங்காமல் கிடப்பவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தப் பயிற்சியும் யாரும் கொடுத்ததில்லை. தங்கள் இணைப்பில் அவர்களுக்கு ஒரு பக்கம் கிடைக்கும் என்று பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, அது அப்புறம். இப்போதைக்கு அடுத்த இதழில், சின்ன எழுத்திலாவது, 'காற்று சிலிண்டர்' என்று திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
தூத்துக்குடி.