ராகத்தின் பெயரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்நாடக சங்கீதக் கச்சேரி மேடையில் ராகத்தின் பெயரை அறிவிக்கிற பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பெயரைச் சொல்லிவிட்டால் ரசிகருக்கு யோசிக்க வேலையே இல்லையாம்; ராகம் தெரியாதவர்களெல்லாம் வந்து உட்கார்ந்து, கச்சேரி நடத்துகிற சபாவின் தரம் இறங்குகிறதாம். முதலில் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் வார்த்தையில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுகிற ஆலாபனையில் நாலு பிடி விழுவதற்குள் இன்ன ராகம் என்று தட்டுப்படுவது தனி சந்தோஷம்தான், எனக்கும் அது பிடிக்கும். இரண்டாவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

டிசம்பர் சீசனில் சென்னையில் மகள் வீட்டில் தங்கி, டிக்கெட் இல்லாத மதியக் கச்சேரிகளாகத் தேடிப் போய்க் கேட்பவள் நான். போன சீசனில் ஒரு சபாவில் எனக்கு முன்வரிசையில் ஒரு பையன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த வயசு, முதுகுப்பையை மடியில் வைத்திருந்தான். பாடகி ரீதிகௌளை ராகத்தைத் தொட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் மெதுவாக, "சார், 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' மாதிரியே இருக்கே, அதே ராகமா?" என்று கேட்டான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சினிமாப் பாட்டெல்லாம் இங்கே பேசக்கூடாது. ராகம் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் வாங்க" என்றார். அடுத்த உருப்படி தொடங்கும்போது அந்த நாற்காலி காலி.

பையன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. 1977இல் 'கவிக்குயில்' படத்துக்காக ரீதிகௌளையில் இளையராஜா போட்ட மெட்டு அது. பாடியவர் கர்நாடக சங்கீத வித்வான் பாலமுரளிகிருஷ்ணா. மறுவருஷமே மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. அகாடமியை உறுத்தாத சினிமாப் பாட்டு இந்தப் பெரியவரை ஏன் உறுத்தியதோ!

யாருக்குமே ராகம் ஒரு பாட்டின் வழியாகத்தான் பிடிபடுகிறது. ஸ்வரங்கள் ஏறி இறங்குகிற ஆரோகணம் அவரோகணத்தை எழுதி வைத்துக்கொண்டு ராகத்தைக் கண்டுபிடித்த ரசிகரை நான் பார்த்ததில்லை. 'வாதாபி கணபதிம்' கீர்த்தனை காதில் ஊறியதால் ஹம்சத்வனி ராகம் தெரியும். 'எந்தரோ மகானுபாவுலு' தெரிந்ததால் ஸ்ரீராகம் தெரியும். வீட்டில் பாட்டு வாத்தியார் வந்துபோன குழந்தைக்குக் கீர்த்தனை அகப்பட்டது, டீக்கடை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவனுக்குச் சினிமாப் பாட்டு அகப்பட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். அதிலும் ரீதிகௌளையை ஆனந்தபைரவி ராகம் என்று நினைத்துத் தலையாட்டியவர்கள் விஷயம் தெரிந்தவர்களிலேயே எத்தனையோ பேர். தர்பார் ராகமா நாயகி ராகமா என்ற சண்டை சபா வாசலில் இன்றும் ஓயவில்லை. கீர்த்தனைகளின் முதலடியை அகர வரிசையில் போட்டு எதிரே ராகம், தாளம் கொடுத்திருக்கும் சின்னப் புத்தகங்கள் உண்டு. பல்லவி வந்ததும் அதை மடியில் விரித்துப் பார்த்துவிட்டு, ஆலாபனையிலேயே தெரிந்த மாதிரி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாமாக்களும் மாமிகளும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். இப்போது அந்த வேலையைச் செல்போன் செய்கிறது. புத்தகம் பார்க்கலாம், போன் பார்க்கலாம், பாடுகிறவர் வாயால் சொன்னால் மட்டும் தரம் போய்விடுமா?

தஞ்சை ஜில்லாவில் பிறந்தவள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கீதம் சபாவுக்குள் வருவதற்கு முன்பே எங்கள் பக்கத்துக் கோயில் வீதிகளில் இருந்தது. சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் வாசிக்கிற மல்லாரி காதில் விழுந்தால், அடுப்படியில் இருக்கிற பாட்டி "சுவாமி புறப்பட்டாச்சு" என்று கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். அது கம்பீர நாட்டை ராகம் என்று அவளுக்குப் பெயர் தெரியாது. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை என் அப்பா தெருவில் நின்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள் வயலில் இருந்து நேரே வந்தவர்களாம். அவர்களை யாரும் பரீட்சை வைத்து நிறுத்தவில்லை, அதனால் அவர் தோடியும் கெட்டுப்போய்விடவில்லை. இதைச் சொன்னால் அது வேறு, சபா வேறு என்பார்கள். எப்படி வேறு என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

என் யோசனை சின்னது. மேடை ஓரத்தில் ஒரு பலகை வைத்து, ஆலாபனை முடிந்து கீர்த்தனை எடுத்ததும் ராகம், தாளம், இயற்றியவர் பெயரை எழுதிவிடலாம். ஊகித்து மகிழ்கிறவர்களுக்கு ஆலாபனை நேரம் முழுக்க இருக்கிறது, புதிதாக வந்தவர்கள் யாரிடமும் பேச்சு வாங்க வேண்டியதில்லை. பலகை வேண்டாம் என்றால் பாடுகிறவரே ஒரு வரி சொல்லட்டும். சில பாடகர்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள், அவர்கள் கச்சேரியில் வித்வத்துக்கு ஒன்றும் குறை வந்ததாகத் தெரியவில்லை.

தரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் அந்த வாசகர், மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ரவா தோசைக்கு வரிசை கட்டப் போகிற விஷயம் தெரிந்த ரசிகர்களைப் பற்றியும் அடுத்த இதழுக்கு ஒரு கடிதம் எழுதினால் நான் மறுப்பே சொல்லாமல் வழிமொழிகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்