கங்கையில் மீன் குறைந்தது யாரால்?

அன்புள்ள சண்முகத்துக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் இருவருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் எழுது, ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுகிறோம். இங்கே நலம்தான். இந்தப் பீகார் பாகல்பூர் குளிர் இவளுக்கு இன்னும் பழகவில்லை. எனக்குக் கடுகெண்ணெய் மீன்கூடப் பழகிவிட்டது.

டால்பின்கள் இத்தனை மீனைத் தின்றால் வலைக்காரன் பிழைப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். படித்துறையிலும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சுல்தான்கஞ்சிலிருந்து கஹல்காவ் வரை இந்தக் கங்கைப் பகுதி 1991 முதல் டால்பின் சரணாலயம். இந்த ஊர்க்காரர்கள் டால்பினை 'சோன்ஸ்' என்கிறார்கள். அதன் கண்ணில் லென்ஸ் கிடையாது, வெளிச்சமா இருட்டா என்பது தெரிந்தால் அதிகம். ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு, ஒருக்களித்து நீந்தியபடி ஆற்றடியைத் துழாவும். நீண்ட அலகில் சிக்குவது பெரும்பாலும் பொடி மீன், இறால், கெளுத்தி, சேற்றில் பதுங்கும் ஆரால். சந்தையில் விலை போகும் பெரிய கட்லா அதன் வாய்க்கு அடங்காது.

அப்புறம் மீன் எங்கே போனது? 1975இல் கீழே மேற்கு வங்காளத்தில், கங்கைக்குக் குறுக்கே ஃபராக்கா தடுப்பணை வந்தது. கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் ஹில்சா மீன் அலகாபாத் வரை போன காலம் அதோடு சரி. போதாததற்குக் கொசுவலையால் குஞ்சுகளையும் அரித்து எடுக்கிறார்கள். நாளைக்குப் பெரிதாக வேண்டியதும் அந்தக் குஞ்சுதான், சோன்ஸின் இரையும் அதுதான். ஆறு வளைகிற இடத்திலும், துணையாறு வந்து சேரும் இடத்திலும் நீர் சுழித்து மீன் கூடும். சோன்ஸ் அங்கே போகும், மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள்வலையும் அங்கேதான் கிடக்கும். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பிராணி, வலையில் மாட்டினால் பிழைக்காது.

சீனாவின் யாங்சி ஆற்றைப் பார். 2006இல் தேடியபோது பைஜி டால்பின் ஒன்றுகூடத் தென்படவில்லை. போட்டிக்கு ஆள் போனதே, மீன் பெருகியதா? 2021 முதல் பத்தாண்டுக்கு அங்கே மீன்பிடிக்கவே தடை போட வேண்டியதாயிற்று.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. வயலில் தெளித்த பூச்சிமருந்து மழையோடு ஆற்றுக்கு வந்து சேற்றில் தங்குகிறது. சேற்றிலிருந்து புழுவுக்கு, புழுவிலிருந்து பொடி மீனுக்கு, அதிலிருந்து சோன்ஸுக்கு. ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறுகிறது. உச்சியில் இருப்பதன் கொழுப்பில் எல்லாம் சேர்ந்துவிடும், தாய்ப்பாலில் குட்டிக்கும் போகும். 1990களில் ஆராய்ந்தவர்கள் இந்தக் கங்கை டால்பின்களின் உடலிலேயே டி.டி.டி. என்ற பூச்சிமருந்தைக் கண்டிருக்கிறார்கள். அதே பொடி மீனைத்தான் நானும் வாரம் இரண்டு நாள் பொரித்துத் தின்கிறேன். இவளிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் போனில் உளறிவைக்காதே.

கல்யாண வேலை முடிந்ததும் இங்கே வா. பிப்ரவரி கடைசி என்றால் குளிர் குறைந்திருக்கும், ஆற்றிலும் நீர் வற்றியிருக்கும், கரையிலிருந்தே பார்க்கலாம். மூட்டுவலித் தைலத்தை மறக்காமல் எடுத்து வா, படித்துறையில் படிகள் அதிகம்.

அன்புடன்,
ராமு