வாகனக் கடனை முன்கூட்டியே முடிக்கையில் ஷோரூம் தள்ளுபடியைத் திருப்பிக் கேட்பது குறித்த புகார்

திருச்சிராப்பள்ளி,
30.10.2025

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாகனக் கடன் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: கடன் முடிப்பு அறிக்கையில் சேர்க்கப்பட்டுள்ள ரூ.35,000-ஐ நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த மார்ச் மாதம் புதிய கார் வாங்குவதற்காகத் தங்கள் நிறுவனத்தில் 8 லட்சம் ரூபாய் கடன் பெற்றேன். 11.5 சதவீத நிலையான வட்டியில் 60 மாதத் தவணை, மாதம் ரூ.17,594. ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான ஏழு தவணைகளும் 5-ஆம் தேதியன்று என் வங்கிக் கணக்கிலிருந்து தவறாமல் எடுக்கப்பட்டுள்ளன. இப்போது ஒரு பொதுத்துறை வங்கி மீதிக் கடனை 9 சதவீத வட்டியில் ஏற்றுக்கொள்ள ஒப்புதல் தந்திருப்பதால், தங்களிடம் உள்ள கணக்கை முடிக்க விரும்பி அக்டோபர் 8 அன்று மின்னஞ்சலில் விண்ணப்பித்தேன். பதினாறு நாள் கழித்து, 24-ஆம் தேதி தாங்கள் அனுப்பிய கடன் முடிப்பு அறிக்கைதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

அந்த அறிக்கையில் மூன்று தொகைகள் உள்ளன. நிலுவை அசல் ரூ.7,28,478 என்பதை ஏற்கிறேன். அதன் மீது 3 சதவீத முன்முடிப்புக் கட்டணமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ரூ.25,788 என்பதையும் ஏற்கிறேன், ஆறு தவணைகளுக்குப் பிறகு முடித்தால் இந்தக் கட்டணம் உண்டு என்று நான் கையொப்பமிட்ட முக்கிய விவர அறிக்கையிலேயே (கே.எஃப்.எஸ்.) அச்சாகியிருந்தது. மூன்றாவதாக, ‘டீலர் சலுகை மீட்பு’ என்ற பெயரில் சேர்க்கப்பட்டுள்ள 35,000 ரூபாயை மட்டும் என்னால் ஏற்க இயலாது.

அந்த 35,000 ரூபாய் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். காரை முன்பதிவு செய்த அன்று, என் சம்பளக் கணக்குள்ள வங்கியிலேயே 9 சதவீதத்தில் கடன் கிடைக்கும் என்று ஷோரூமில் சொன்னேன். அங்கேயே மேசை போட்டு அமர்ந்திருந்த தங்கள் பிரதிநிதி, தங்கள் நிறுவனத்தின் வழியாகக் கடன் எடுத்தால் காரின் விலையில் 35,000 ரூபாய் குறையும் என்றார். வட்டி இரண்டரை சதவீதம் கூடுதலாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, ஆறு தவணை முடிந்ததும் எந்த வங்கிக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், 3 சதவீதக் கட்டணம் தவிர வேறெதுவும் இல்லை என்று உறுதியளித்தார். வாய்ச்சொல்லை நம்பிக் கையொப்பமிடும் பழக்கம் எனக்கு இல்லை என்பதால் ஒப்பந்தம், முக்கிய விவர அறிக்கை, ஷோரூமின் முன்பதிவுப் படிவம், விலைப்பட்டியல் ஆகிய நான்கையும் வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஓர் இரவு முழுக்க வரிவரியாகப் படித்த பின்னரே மறுநாள் கையொப்பமிட்டேன். விலைப்பட்டியலில் ‘ஃபைனான்ஸ் ஆஃபர் தள்ளுபடி’ என்று ஒரு வரி இருக்கிறது. கடனை இத்தனை மாதங்களுக்குள் முடித்தால் அந்தத் தள்ளுபடியைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை நான்கில் எதிலும் இல்லை.

தள்ளுபடியையும் வாங்கிக்கொண்டு ஏழே மாதத்தில் விலகுவது நியாயமா என்று தங்கள் கிளை மேலாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், அதற்குக் கணக்கோடு பதில் சொல்கிறேன். இதே கடனை 9 சதவீதத்தில் எடுத்திருந்தால் இந்த ஏழு மாதங்களில் வட்டியாக ஏறத்தாழ ரூ.40,300 கட்டியிருப்பேன். தங்களுக்குக் கட்டியிருப்பது ஏறத்தாழ ரூ.51,600. ஆக, வட்டியில் மட்டும் 11,300 ரூபாய் கூடுதலாகத் தந்திருக்கிறேன். இத்துடன் இப்போது கட்டப்போகும் ரூ.25,788-ஐயும் சேர்த்தால் 37,000 ரூபாயைத் தாண்டுகிறது. அதாவது, எனக்குக் கிடைத்த தள்ளுபடியைவிட அதிகமான தொகையைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறுகிறேன். கடனை மாற்றுவதால் மீதமுள்ள 53 மாதங்களில் எனக்கு மிச்சமாவது சுமார் 47,000 ரூபாய்; முன்முடிப்புக் கட்டணம் போகக் கையில் நிற்பது 21,000 ரூபாய். அதிலிருந்து 35,000 ரூபாயை எடுத்தால் கடனை மாற்றுவதே எனக்கு நட்டம். கையொப்பமிட்ட நாளில் இந்த நிபந்தனை என் கண்ணில் பட்டிருந்தால், தள்ளுபடியே வேண்டாம் என்று என் வங்கிக்கே போயிருப்பேன்.

ரிசர்வ் வங்கி 15.04.2024 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, முக்கிய விவர அறிக்கையில் குறிப்பிடப்படாத எந்தக் கட்டணத்தையும், கடன் பெற்றவரின் வெளிப்படையான இசைவின்றி, கடன் காலத்தின் எந்தக் கட்டத்திலும் வசூலிக்கக் கூடாது. 2024 அக்டோபர் 1 முதல் புதிதாக வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு இது பொருந்தும். என் கடன் அதற்குப் பிறகு வழங்கப்பட்டது. அப்படியோர் இசைவை நான் தந்ததில்லை. தந்திருப்பதாகத் தாங்கள் கருதினால், என் கையொப்பமுள்ள தாளின் நகலை அனுப்பி வையுங்கள். முன்முடிப்புக் கட்டணம் தொடர்பாக ரிசர்வ் வங்கி கடந்த ஜூலையில் வெளியிட்ட புதிய விதிகள் 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் கடன்களுக்கே பொருந்தும் என்பதையும், தனிநபருக்கான கட்டண விலக்கு மாறும் வட்டிக் கடனுக்கே உரியது என்பதையும் அறிவேன். அந்தச் சலுகையை நான் கோரவில்லை. எழுதிக் கொடுத்தபடி நடக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறேன்.

27-ஆம் தேதி கிளைக்கு நேரில் சென்றபோது, இது தலைமை அலுவலகத்தின் கொள்கை என்று சொன்னார்கள்; அதையே எழுதித் தரும்படி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். ஷோரூமிலோ தள்ளுபடிக்கும் கடன் முடிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள். ஷோரூமுக்கும் தங்களுக்கும் இடையே கமிஷன் பற்றி என்ன உடன்பாடு இருந்தாலும் அதை அவர்களிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். நான் அதில் கையொப்பமிட்டவன் அல்லன். என்னுடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் இதே திட்டத்தில் கார் வாங்கி, கேட்ட தொகையைக் கேள்வியின்றிக் கட்டிவிட்டுக் கடனை முடித்திருக்கிறார். தன் குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணம் அது என்று அவர் சொன்னபோது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. அவருடைய கணக்கையும் தாங்களே முன்வந்து சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புதிய வங்கியின் ஒப்புதல் நவம்பர் 15-ஆம் தேதியுடன் முடிகிறது. காலதாமதமாகும் ஒவ்வொரு நாளும் வட்டி வித்தியாசமாக எனக்குச் சுமார் 50 ரூபாய் இழப்பு. எனவே, அந்த 35,000 ரூபாயை நீக்கித் திருத்திய கடன் முடிப்பு அறிக்கையை நவம்பர் 7-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். புதிய வங்கி பணத்தைச் செலுத்தியதும், தடையின்மைச் சான்றையும் ஆர்.சி.யில் உள்ள தங்கள் அடமானப் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ஐயும் காலம் தாழ்த்தாமல் தர வேண்டும். கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து பதிவையும் நீக்க வேண்டும் என்பதும், தங்கள் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதும் 13.09.2023 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையில் உள்ளன.

இந்தப் புகாருக்கான பதிவு எண்ணை உடனடியாகத் தெரிவிக்கவும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வரும் பதில் முறையாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இதே ஆவணங்களுடன் முறையிடுவேன். நான்கு ஆவணங்களின் நகல்கள், தாங்கள் அனுப்பிய கடன் முடிப்பு அறிக்கை, புதிய வங்கியின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கடன் கணக்குதாரர்)